டிபிஎம் என்கிற சுரங்கம் குடையும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினால் கொழும்புக்கு அடியிலும் மெட்ரோ ஓட்டலாம்தானே?

மெஷின் கிடைப்பது பிரச்சினையே இல்லை, காசு இருந்தால் ஜேர்மனியிலோ சீனாவிலோ செய்து தருவார்கள். காலி வீதியில் பஸ்ஸுக்குள் நசுங்கிக்கொண்டு நிற்கிற எவருக்கும் இந்த யோசனை வரத்தான் செய்யும். ஆனால் அந்த மெஷின் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பார்த்தால் கதை வேறு.

நிலத்தை வெட்டுவது அதன் வேலையில் ஒரு பங்குதான். மேலே இருக்கிற மண்ணும் தண்ணீரும் உள்ளே இறங்காமல் பிடித்து வைப்பதுதான் பெரிய பாடு. நகரங்களில் அதிகம் இறக்குகிற வகையில், முன்னால் சுழலும் தட்டு வெட்டிய மண் உடனே வெளியே போகாது. தட்டுக்குப் பின்னாலுள்ள அறையில் நுரையோடு கலந்து களியாக நிரம்பி நிற்கும், அந்தக் களியின் அழுத்தம்தான் எதிரேயுள்ள நிலத்தைச் சரியவிடாமல் தாங்கும். அந்த அறையிலிருந்து திருகு ஒன்று மண்ணை வெளியே எடுக்கிற வேகத்தை ஓட்டுபவர் ஓயாமல் கூட்டிக் குறைக்க வேண்டும், கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டால் மேலே வீதி தாழும், அழுத்தம் மிஞ்சினால் வீதி உப்பும். அப்புறம் வால்பக்கத்தில் கொங்கிரீட் துண்டுகளை வளையமாகப் பூட்டி, அந்த வளையத்திலேயே ஜாக்கிகளை ஊன்றி முன்னே உந்திப் போகும்.

கொழும்பின் நிலம் இதற்குச் சுகமான நிலம் இல்லை. கரையோரம் மணல், உள்ளே கபுக் என்கிற செம்பூரான் கல், வாவியைச் சுற்றிச் சதுப்பு, எல்லாவற்றுக்கும் கீழே கடும்பாறை. தட்டின் மேல்பாதி மண்ணிலும் கீழ்பாதி பாறையிலும் மாட்டினால் வெட்டும் பற்கள் சீக்கிரம் தேயும். மாற்றுவதற்கு ஆட்கள் காற்றழுத்தம் ஏற்றிய அறைக்குள் போய்த்தான் வேலை செய்ய வேண்டும், வெளியே வரும்போது சுழியோடிகளைப் போல மெதுவாகத்தான் அழுத்தத்தைக் குறைக்க முடியும். சென்னையிலும் மண்ணும் பாறையும் கலந்த நிலம் முதல் கட்ட வேலையை இழுத்தடித்தது. (இரண்டாம் கட்டத்தில் சில மெஷின்களுக்கு நீலகிரி, ஆனைமலை என்று மலைப் பெயர்களை வைத்திருக்கிறார்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.)

நிலத்தடித் தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. உமா ஓயா நீர்மின் திட்டத்தில் 15 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்கத்தை டிபிஎம் கொண்டுதான் குடைந்தார்கள். 2014 கடைசியில் உள்ளே தண்ணீர் பீறிட்டது, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன.

இவ்வளவும் சரிவந்தாலும் மெஷின் தருவது குழாய் மட்டும். நிலையங்களைப் பெரும்பாலும் மேலேயிருந்துதான் தோண்ட வேண்டும், அதுவும் சில நூறு அடி நீளத்துக்கு, பல மாடி ஆழத்துக்கு. வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் வருடக்கணக்கில் அப்படி ஒரு கிடங்கை நினைத்துப் பாருங்கள், பஸ் எந்தப் பக்கத்தால் போகும்? ஒரு பக்கம் கடலும் ரெயில் பாதையும், மறுபக்கம் ஒடுங்கிய ஒழுங்கைகள்.

மாலபேயிலிருந்து கோட்டைக்குத் தூண்களின் மேல் ஓட இருந்த இலகு ரெயிலுக்கு 2019இல் ஜப்பான் கடன் கையெழுத்தானது, 2020இல் நம்மவர்களே அதை நிறுத்தினார்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் தூசு தட்டி எடுக்க வேண்டும், சுரங்கத்தை வேறு வழியே இல்லாத இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.