முடங்கலில் கல் இல்லை

கேள்வி: "முடங்கல் என்றால் முடம் + கல். கல்லைப் போல அசைவற்றுக் கிடப்பது" என்று எங்கள் ஊர்க் கோயில் கொடையில் ஒரு பேச்சாளர் விளக்கினார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. அவர் சொன்னது சரிதானா?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: கைதட்டியவர்களில் நீங்களும் உண்டென்றால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அண்ணாச்சி. இந்தக் கணக்கில் பொங்கல் என்பது பொம் + கல்லா? தைப் பிறப்பன்று பானையில் கல்லையா போடுகிறோம்? பொங்கு + அல் பொங்கல். முடங்கு + அல் முடங்கல். அவ்வளவுதான்.

முடங்கு என்றால் முதலில் வளை, மடங்கு, சுருங்கு. மடங்கின கால் நடக்காது. அசைவு போன பொருள் அப்படி ஒட்டிக்கொண்டது. மத்தியானம் திண்ணையில் முழங்காலை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடி, "கொஞ்சம் முடங்குதேன்" என்று ஆச்சி படுக்கிறாளே, அவளுக்கு என்ன பக்கவாதமா? காப்பி வாசம் வந்தால் எழுந்துவிடுவாள்.

முடமும் அப்படித்தான். நன்னூலில் பவணந்தியார், ஆசிரியராக இருக்கத் தகாதவருக்கு முடத்தெங்கை உவமை சொல்கிறார். ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னை, வேலி தாண்டி வளைந்து அடுத்தவர் தோட்டத்தில் காயை உதிர்க்கும். தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மரம் அசைவற்றுப் போகவில்லை, கோணிப் போயிருக்கிறது.

ஓலைக் கடிதத்துக்கும் முடங்கல் என்று பெயர், சுருட்டி அனுப்புவதால். சிலப்பதிகாரத்தில் மாதவி கொடுத்த முடங்கலைக் கோவலனிடம் சேர்க்கக் கோசிகன் மதுரை வழியில் நடையாய் நடக்கிறான். பேச்சாளர் சொல்படி பார்த்தால் பாவம், அவன் கல் சுமந்திருக்கிறான்!

கல்லாய் நிற்பதுதான் வேண்டுமென்றால் ஸ்தம்பித்தல் இருக்கிறது. வடசொல். ஸ்தம்பம் என்றால் தூண். நெல்லையப்பர் கோயில் கொடிமரத்தைத் துவஜஸ்தம்பம் என்கிறோமே, அதே ஸ்தம்பம். ஜங்ஷனில் பஸ்கள் வரிசையாக நின்றுவிட்டால் 'போக்குவரத்து ஸ்தம்பித்தது' என்று ஒரு நாளும் 'முடங்கியது' என்று மறுநாளும் பத்திரிகைக்காரர்கள் நாங்களே எழுதுகிறோம். முன்னதில் பஸ் தூணாய் நிற்கிறது, பின்னதில் ஆச்சியாய்ச் சுருண்டு படுக்கிறது.