பேச முடியாதவருக்கு எந்தத் தொடர்புக் கருவி பொருந்தும் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

பேச்சு வராதபோதோ போதாதபோதோ சைகை, படப் பலகை, எழுத்து அட்டை, குரல் தரும் டேப்லெட் என எதைக் கொண்டாவது சொல்ல வந்ததைச் சொல்வதுதான் மாற்றுத் தொடர்பு முறை. பெருமூளை வாதம், ஆட்டிசம், பக்கவாதம் எனக் காரணங்கள் பல. சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலி இந்த வகைதான்.

மதிப்பீட்டில் பேச்சுப் பயிற்சியாளர் முதலில் பார்ப்பது, பேச முடியாதவர் இப்போதே எப்படித் தெரிவிக்கிறார் என்பதை: கண்ணால் காட்டுகிறாரா, கையைப் பிடித்து இழுக்கிறாரா? பிறகு பார்வை, கேட்கும் திறன், உட்காரும் நிலை, எந்த உறுப்பு நம்பகமாக அசைகிறது என்பது. பேச்சை இழந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் பிற்காலத்தில் கன்னத் தசையின் அசைவைக் கொண்டே சொற்களைத் தேர்ந்தார். கண் பரிசோதனையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா?" என்று கேட்பதுபோல, இங்கும் சிலவற்றைப் பயன்படுத்திப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். விலை உயர்ந்ததுதான் சிறந்தது என்றில்லை.

கருவி வாங்கியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். என் பார்வையில் தோல்வி பெரும்பாலும் இங்கேதான். குழந்தை பேசுமுன் மாதக்கணக்கில் பேச்சைக் கேட்கிறது. படங்களால் பேச வேண்டியவருக்கு யார் அப்படிப் பேசிக் காட்டுகிறார்கள்? "தண்ணி வேணுமா?" என்று கேட்கும்போதே அம்மாவும் ஆசிரியரும் அந்தப் படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருக்கவும் வேண்டும். பலகையில் சாப்பாடு, கழிப்பறை மட்டும் போதாது. "வேண்டாம்", "போரடிக்குது" போன்றவையும் இருக்கட்டும்.

இதைக் கொடுத்தால் பிள்ளைக்குப் பேச்சே வராமல் போய்விடும் என்று பெற்றோர் பயப்படுவதுண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை, சிலருக்குப் பேச்சு சற்றுக் கூடவும் செய்கிறது.