கூண்டில் நிற்பவர் மட்டும்தான் கோமாளியா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 1930-களில் நாகர்கோவில் கோர்ட்டில் நடக்கும் காமெடிப் படம் ஒன்றுக்கு ஸ்கிரிப்ட் முடித்துவிட்டேன். எல்லையில் நிற்கும் அயனி மரம் யாருக்கு என்பதுதான் வழக்கு. வெள்ளைக்கார ஜட்ஜ், மெட்ராஸிலிருந்து வரும் இளம் வக்கீல், பனையேறி, மீன்காரப் பெண், கடைக்கார பாய் என்று எல்லாரும் உண்டு. ஆனால் என் தங்கை படித்துவிட்டு, "எல்லாரையும் கூட்டிவந்து கேலி பண்ணியிருக்கியே அண்ணே" என்கிறாள். இன்னும் ஆள் சேர்க்க வேண்டுமா, இல்லை காமெடியையே விட்டுவிடவா?

பதில்: ரெண்டும் வேண்டாம் தம்பி. முதலில் அந்த வெள்ளைக்கார ஜட்ஜை நாற்காலியிலிருந்து இறக்குங்கள். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம், கோர்ட்டு மகாராஜாவுடையது. 1810-களில் கர்னல் மன்றோ திவானாக இருந்து ஜில்லா கோர்ட்டுகள் அமைத்தபோதே, நீதிபதிகளாக உட்கார்ந்தது பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்தான். துரையை உட்காரவைத்தால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, எல்லாப் பாவத்தையும் அவர் தலையில் கட்டிவிட்டு நாம் எல்லாரும் ஒரே பக்கம் நின்று சிரித்துவிடலாம், சாதி என்று ஒன்று இருந்ததாகவே படத்தில் தெரியாது.

அப்புறம் தங்கச்சி சொன்னது. நீங்கள் அனுப்பிய காட்சிகளில் பனையேறி கூண்டில் ஏறியதும் போதையில் உளறுகிறார், மீன்காரம்மா கத்துகிறார், பாய் பேச்சுக்குப் பேச்சு கணக்குப் போடுகிறார், வக்கீல் மட்டும் புத்திசாலி. இதில் இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால் கேலிக்கு இன்னும் பத்துப் பேர், அவ்வளவுதான். வழக்கைத் திருப்பிப்போடும் வசனம் யார் வாயில் வருகிறது என்று பாருங்கள். காலையும் மாலையும் பனை உச்சியில் நிற்கிற மனுஷனுக்கு ஊரின் எல்லாப் புரையிடமும் (வீட்டு மனையும்) மேலேயிருந்து தெரியும், எல்லைக்கல்லை ராத்திரியோடு ராத்திரியாக யார் நகர்த்தினார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அவர் நிதானமாகச் சொல்லட்டும், வக்கீல் முழிக்கட்டும். குளச்சலிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவந்து வீடுவீடாக விற்கிறவருக்கு எந்த வீட்டில் எவ்வளவு கடன் என்பது அத்துப்படி, குறுக்கு விசாரணை செய்கிற வக்கீலின் மாமியார் வீட்டுப் பாக்கி உட்பட.

சிரிப்புக்குப் பஞ்சம் வரும் என்று பயப்பட வேண்டாம், நம்ம ஊர்க் கோர்ட்டே பெரிய கூத்து. நாகர்கோவில் கோர்ட்டில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு ஸ்டூலும், குடிக்கிற தண்ணீருக்குத் தனித்தனிப் பானையும் இருந்தது என்றும், இளம் வக்கீலாக வந்த மார்ஷல் நேசமணி அதை எட்டி உதைத்தார் என்றும் இங்கே இன்றைக்கும் சொல்வார்கள். ஒரே சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து, எந்தப் பானையில் தண்ணீர் குடிப்பது என்று வரிசை பார்க்கிற வக்கீல்கள்! இதைவிடவா ஒரு காமெடி சீன் வேண்டும்?

பெண்கள் விஷயத்திலும் உங்கள் கற்பனையைவிட சரித்திரம் தாராளமாக இருக்கிறது. அன்னா சாண்டி 1937-லேயே திருவிதாங்கூரில் முன்சீஃப் ஆகிவிட்டார், இந்தியாவின் முதல் பெண் நீதிபதி. கதையை 1938-க்குத் தள்ளிவிட்டு, காலியாகக் கிடக்கும் ஜட்ஜ் நாற்காலியில் ஒரு பெண்ணை உட்காரவைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தம்மாவைச் சிரிக்காத தெய்வமாக்கிவிடாதீர்கள், அவருக்கும் ரெண்டு நல்ல ஜோக் கொடுங்கள்.

ஒரு வசனத்தை மட்டும் தயவுதாட்சண்யம் இல்லாமல் வெட்டுங்கள், அந்தத் தோள்சீலை ஜோக். 1859-ல் மகாராஜாவின் அறிவிப்பு வந்தபோதுகூட, மேல்சாதிப் பெண்கள் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை கிடைத்தது. அதற்காக அடிவாங்கியவர்களின் கொள்ளுப்பேத்திகள் உங்கள் படத்துக்கு டிக்கெட் எடுத்து வருவார்கள்.

மலையாளம் கலந்த விளவங்கோட்டுப் பேச்சைச் சிரிப்புக்காக வைத்திருப்பதும் அப்படித்தான். சினிமாவில் அது ஏற்கெனவே போதுமான அளவுக்கு அடிவாங்கிவிட்டது. மெட்ராஸ் வக்கீல் கோர்ட்டு ஆவணக் கட்டில் உள்ள மலையாளம் புரியாமல் திணற, சாட்சி சொல்ல வந்த ஆள் படித்து விளக்கட்டும்.

ஷூட்டிங்குக்குப் பத்மநாபபுரம் அரண்மனையை நினைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். இடம் நம்ம மாவட்டத்தில் இருந்தாலும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது, அதனால் அனுமதியை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். பட்ஜெட் போடும் முன்பே விசாரித்துவிடுங்கள்.