தில்லி ரயில் அருங்காட்சியகம்: அரை நாளில் எதைப் பார்ப்பது?

கேள்வி: ஜனவரியில் தில்லி செல்கிறோம். லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவும், எட்டு வயது மகனும் உடன் வருகிறார்கள். தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்கலாம். அப்பாவால் அதிகம் நடக்க இயலாது. எப்படித் திட்டமிடுவது?
- மதுரை வாசகி

பதில்: அரை நாள் தாராளம். எல்லாவற்றையும் பார்த்துவிடும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். சாணக்கியபுரியில் உள்ள இந்த வளாகத்தின் பெரும்பகுதி திறந்தவெளி. திங்கட்கிழமை விடுமுறை. பனிமூட்டம் விலகியபின், பதினொரு மணியளவில் நுழையுங்கள். மகன் முதலில் குட்டி ரயிலைத்தான் கேட்பான். அதிலேயே தொடங்கினால் அப்பாவும் நடக்காமல் ஒரு சுற்று பார்த்துவிடுவார்.

அடுத்து நேரே பாட்டியாலா மோனோரயில். என்னைக் கேட்டால் இதற்காகவே தில்லி போகலாம். ஜெர்மனியில் கட்டப்பட்ட நீராவி எஞ்சின். 1907இல் ஓடத் தொடங்கிய தடம். தண்டவாளம் ஒன்றே ஒன்றுதான். எடையில் பெரும்பகுதி அதன்மேல் இறங்கும். பக்கவாட்டில் தரையில் உருளும் பெரிய இரும்புச் சக்கரம் வண்டி சாயாமல் தாங்கும். சாலையோரத்தில் ஒரு தண்டவாளம் பதித்தாலே ரயில் விடலாம் என்ற துணிச்சலான யோசனை அது. 1927இல் சேவை நின்றது. கொட்டகையில் மறந்து கிடந்த எஞ்சினை 1962இல்தான் கண்டெடுத்தார்கள். மகனைக் குனிந்து அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு உரியது கேரட் (Garratt) வகை நீராவி எஞ்சின். பெங்கால் நாக்பூர் ரயில்வேக்காக 1930இல் மான்செஸ்டரில் கட்டப்பட்டது. நடுவில் ஒரே பாய்லர், இரு முனைகளிலும் தனித்தனி எஞ்சின் பகுதி. அந்தப் பகுதிகள் தனியே திரும்புவதால், இத்தனை நீளமான வண்டியும் வளைவுகளில் வளைந்து போகும். பாரமும் பல அச்சுகளில் பரவும். பிஸ்டனிலிருந்து சக்கரம்வரை விசை போகும் வழியை அப்பாவே பேரனுக்குக் காட்டட்டும். எந்தப் பலகையும் அவரளவுக்கு விளக்காது. தென் மாவட்டங்களில் ஓடிய மீட்டர் கேஜ் எஞ்சின்களோடு ஒப்பிடவும் அவரிடம் நிறைய இருக்கும்.

சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் படிகள் செங்குத்தானவை. அப்பாவை ஏற்ற வேண்டாம். மைசூர் மகாராஜாவின் 1899ஆம் ஆண்டு சலூன் (சொகுசுப் பயண) பெட்டிக்கு, நேரம் மிஞ்சினால், பத்து நிமிடம் போதும்.