ரெஃபரன்ஸ் போட்டும் சிமிலாரிட்டி ஏறுதா?

கேள்வி: பிஎச்டிக்கு லிட்ரேச்சர் ரிவ்யூ (முன்னாடி வந்த ஆய்வுகளைப் பத்தின அலசல்) எழுதிட்டு இருக்கேன். எடுத்த எல்லாத்துக்கும் ரெஃபரன்ஸ் போட்டிருக்கேன், அப்பவும் காப்பியைச் சோதிக்கிற சாஃப்ட்வேர் சிமிலாரிட்டி (மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போற அளவு) 34%னு காட்டுது. வார்த்தைகளை மாத்திப் போட்டா குறையும்னு சொல்றாங்க, செய்யலாமா?

பதில்: வேண்டாங்க. நம்பர் குறையும், பிரச்சினை குறையாது. ரெஃபரன்ஸ் போட்டதால கருத்து யாரோடதுன்னு தெரிஞ்சிடுது, ஆனா அந்த வாக்கியமும் அவரோடதுதான்னு நீங்க எங்கயும் சொல்லலையே, மேற்கோள் குறி இல்லேன்னா படிக்கிறவங்க அதை நீங்க எழுதின வரியாத்தான் எடுத்துப்பாங்க.

ஒரு உதாரணம் நானே எழுதுறேன். மூலத்துல "தூக்கம் குறையும்போது கவனம் சிதறுவதால் மாணவர்களின் கற்றல் பாதிக்கப்படுகிறது"ன்னு இருக்குன்னு வைங்க. இதை "உறக்கம் குறைகையில் கவனம் கலைவதால் மாணாக்கர் கற்பது பாதிப்படைகிறது"ன்னு மாத்தினா அது பாராஃப்ரேஸே (சொந்த நடைல திருப்பிச் சொல்றது) இல்ல, வாக்கியத்தோட எலும்புக்கூடு அப்படியே நிக்குது. இப்படி அங்கங்க வார்த்தையை மட்டும் மாத்தி ஒட்டுப்போடுறதுக்கு, எழுத்துப் பயிற்சி பத்தி ஆய்வு செஞ்ச அமெரிக்கப் பேராசிரியர் ரெபெக்கா மூர் ஹோவர்ட் 1990கள்லயே பேட்ச்ரைட்டிங்னு பேர் வச்சாங்க. இதையே "கற்றல் பின்தங்குவதற்குத் தூக்கக் குறைவைக் காரணமாகக் காட்டும் இந்த ஆசிரியர், இரண்டுக்கும் நடுவில் கவனச் சிதறலை வைக்கிறார், என் ஆய்வு அந்த நடுக் கண்ணியை மட்டும் எடுத்துக்கொள்கிறது"ன்னு எழுதி பேரும் வருஷமும் போட்டா, அவர் சொன்னது எது, அதை நீங்க எதுக்கு எடுத்தீங்கன்னு ரெண்டும் தெளிவாயிடுது. அப்படி எழுதணும்னா பத்தியைப் படிச்சிட்டு மூடி வச்சிடுங்க, பக்கத்துல இருக்கிறவங்களுக்கு வாயால சொல்ற மாதிரி எழுதுங்க, அப்புறம் திறந்து அர்த்தம் மாறிடலையான்னு பாருங்க. மூடினதும் எழுத வரலேன்னா இன்னும் புரியலைன்னு அர்த்தம், திரும்பப் படிங்க.

உண்மையில தப்பு பெரும்பாலும் எழுதும்போது நடக்கிறது இல்ல, நோட்ஸ் எடுக்கும்போதே நடந்துடுது. பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணி சும்மா ஒட்டி வைப்போம், ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா அது நம்ம வரியா அவங்க வரியான்னே தெரியாது. அதனால ஒட்டுற அந்த நிமிஷமே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போட்டுடுங்க, உங்க கருத்தை வேற கலர்ல வைங்க. ரெஃபரன்ஸைச் சேமிக்கிற சொடேரோ (Zotero) மாதிரி டூல் நூல், கட்டுரை விவரத்தைச் சேர்த்து வைக்கும், ஆனா எது யாரோட வரின்னு பிரிச்சு வைக்கிற வேலை உங்களோடதுதான்.

நேரடி மேற்கோளை வரையறை, சட்டப் பிரிவு, இல்ல அந்தச் சொற்களோடயே நீங்க வாதம் பண்ணப்போற இடம், இதுக்கெல்லாம் வச்சுக்கோங்க. ஏபிஏ (APA, அமெரிக்க உளவியல் சங்கத்தோட மேற்கோள் முறை) முறைல மேற்கோள் 40 வார்த்தையோ அதுக்கு மேலயோ போனா மேற்கோள் குறி இல்லாம தனி பத்தியா உள்ள தள்ளிப் போடணும், பக்க எண்ணும் வேணும்.

இங்கிலீஷ்ல இருக்கிறதை தமிழ்ல மொழிபெயர்த்துப் போட்டா சாஃப்ட்வேர் பிடிக்காமப் போகலாம், ஆனா ரெஃபரன்ஸ் இல்லேன்னா அதுவும் திருட்டுதான். மூல நூலைப் பார்க்காம இன்னொருத்தர் கட்டுரைல படிச்சிருந்தா, அவர் வழியாத்தான் படிச்சேன்னு அப்படியே காட்டுங்க. ஏஐ கிட்ட வாங்கின ரெஃபரன்ஸ் எதையும் நேர்ல தேடித் திறந்து படிக்காம சேர்க்காதீங்க, இல்லாத கட்டுரைக்கெல்லாம் அது பேரும் வருஷமும் கொடுத்துடும்.

இப்ப உங்க 34%க்கு வருவோம். அந்த ரிப்போர்ட் வேற இடத்துல இருக்கிற வரியோட உங்க வரி எவ்வளவு ஒத்துப்போகுதுன்னுதான் காட்டுது, திருட்டான்னு தீர்ப்பு சொல்றதில்ல. நூற்பட்டியலையும் மேற்கோள் குறிக்குள்ள இருக்கிறதையும் ஃபில்டர்ல விலக்கிட்டு மறுபடி பாருங்க, மிச்சமா நிக்கிற நீளமான வரிகள்ல இருந்து திருத்த ஆரம்பிங்க.