மகன் ஜாஸ் அரேஞ்சர் ஆகவேண்டும் என்கிறான்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ தேர்வு நெருங்கும்போது மகன் கீபோர்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான், பாஸ்டனில் போய் ஜாஸ் அரேஞ்சிங் படிக்கப்போகிறானாம், அவன் அப்பா வீட்டை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கிறார் என எழுதியிருந்தீர்கள். அடமானப் பேச்சை இப்போதைக்கு நிறுத்துங்கள். கீபோர்டை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அவன் வாய்க்கு வாய் சொல்லும் அமெரிக்க ஜாஸ் அரேஞ்சர், தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸின் கதையை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். 1933இல் சிகாகோவில் பிறந்து, சியாட்டிலில் ட்ரம்பெட் பழகிய பையன். 15 வயதில் ஜாஸ் கலைஞர் லயனல் ஹாம்ப்டன் நடத்திய இசைக்குழுவின் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஹாம்ப்டனின் மனைவி கிளாடிஸ், "முதலில் பள்ளியை முடி" என்று இறக்கிவிட்டார். அவரும் முடித்தார். பிறகு உதவித்தொகையோடு பாஸ்டனில், இன்று பெர்க்லி என்று அறியப்படும் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 1951இல் அதே ஹாம்ப்டன் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. பள்ளியை முடித்ததால் அவர் எதையும் இழக்கவில்லை. இதை மகனிடம் சொல்லுங்கள்.

அரேஞ்சர் என்றால் என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். 'ஃப்ளை மி டு தி மூன்' பாட்டை 1954இல் எழுதியவர் பார்ட் ஹோவர்ட். மூன்று தட்டு வால்ட்ஸ் நடை. 1964இல் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பாட, கவுண்ட் பேசியின் ஜாஸ் குழு வாசிக்க, குயின்சி அதை நான்கு தட்டு ஸ்விங் என்னும் துள்ளல் நடையில் எழுதிக்கொடுத்தார். மெட்டு ஹோவர்டுடையது; யார் எந்த இடத்தில் நுழைவது, எங்கே அடங்குவது என்பதெல்லாம் குயின்சியின் பேனா. இதில் ஒரு பணவிஷயமும் இருக்கிறது, கவனியுங்கள். ராயல்டி பெரும்பாலும் மெட்டமைத்தவருக்கும் பாடல் எழுதியவருக்கும்தான் போகும். அரேஞ்சருக்கு வழக்கமாக ஒருமுறைச் சம்பளம். அதனால் உங்கள் மகன் சொந்தமாக மெட்டமைக்கவும் பழகவேண்டும். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைப் படிக்கவும் பழகவேண்டும்.

பணக் கணக்கைக் குயின்சி பட்டுத்தான் கற்றார். ஓர் இசை நாடகத்துக்காக 18 பேர் கொண்ட குழுவோடு ஐரோப்பா போனார். 1960இன் தொடக்கத்தில் பாரீஸில் நாடகம் நின்றுபோனது. அவ்வளவு பேரையும் மாதக்கணக்கில் ஊர் ஊராக அழைத்துப்போய்ப் பெருங்கடனில் விழுந்தார். குழுவின் வாசிப்பில் ஒரு குறையும் இல்லை; கணக்கில்தான் ஓட்டை. திரும்பி வந்து மெர்குரி ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1964இல் அங்கே துணைத் தலைவர். அலுவலக வேலை அவருடைய இசையைக் கொன்றுவிடவில்லை. அதே ஆண்டுதான் சினாட்ரா பதிவும், சினிமாவுக்கு இசையமைப்பும்.

என் மனதில் நிற்பது 1974தான். மூளை ரத்தக்குழாய் வீங்கி வெடித்து, இரண்டு அறுவைச் சிகிச்சைகள். இனி ட்ரம்பெட் ஊதினால் உயிருக்கு ஆபத்து என்றார்கள் மருத்துவர்கள். வாசிப்பு மட்டுமே தெரிந்தவருக்கு அன்றோடு தொழில் முடிந்திருக்கும். இவருக்கு எழுதத் தெரியும். 1957இல் பாரீஸில் பெயர்பெற்ற இசை ஆசிரியை நாடியா பூலான்ஷேயிடம் பாடம் கேட்டவர். நியூயார்க்கில் கறுப்பின அரேஞ்சர்களுக்கு எளிதில் கிடைக்காத, வயலின் குழுவுக்கு எழுதும் வாய்ப்பு, பாரீஸின் பார்க்லே இசைத்தட்டு நிறுவனத்தில் கிடைத்து, எழுதி எழுதிக் கை பழகியவர். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தை அவர் தயாரித்தது 1982இல், ட்ரம்பெட்டைக் கீழே வைத்து எட்டு ஆண்டுகள் கழித்து. 2024இல், 91 வயதில் காலமானார்.

ஆகவே மகனிடம் 'எவ்வளவு நன்றாக வாசிக்கிறாய்' என்று கேட்காதீர்கள். 'என்ன எழுதியிருக்கிறாய்' என்று கேளுங்கள். தேர்வு முடிந்ததும் ஒரு மாதம் கொடுங்கள். அவனுக்குப் பிடித்த ஒரு மெட்டில் 16 பார் (தாளச் சுற்று) எடுத்து, ட்ரம்பெட், ஆல்டோ சாக்ஸ், டிராம்போன், பேஸ் நான்குக்கும் தனித்தனியாக எழுதட்டும். இசைக்குறிப்பு எழுத உதவும் மியூஸ்ஸ்கோர் மென்பொருள் இலவசம்தான். வழக்கமான ட்ரம்பெட்டில் 'சி' என்ற ஸ்வரம் ஒலிக்க, தாளில் 'டி' என்று எழுதவேண்டும்; இதை அவனே தேடிப் பிடிக்கிறானா பாருங்கள். பிறகு வாசிக்கத் தெரிந்த நாலு பேரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லட்டும். காகிதத்தில் அழகாக இருந்தது காதில் இடிக்கும். அன்றிரவே உட்கார்ந்து திருத்துகிறான் என்றால், எந்தக் கல்லூரி, எவ்வளவு செலவு, என்ன உதவித்தொகை என்று நாம் பேசலாம்.

அடித்துத் திருத்திய அந்தத் தாள்களோடு அவனை அழைத்துவாருங்கள். சுத்தப் பிரதி வேண்டாம்.