கடல் கேள்விகள்: வால் துடுப்பு இல்லாத அந்த மீன் எது?

கேள்வி: தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில், ஆழ்கடல் இறாலுக்குப் போய்வந்த விசைப்படகின் கழிசல் குவியலில் ஒரு மீன் பார்த்தேன். ஒரு முழ நீளம், பெரிய கண், நாடியில் ஒற்றை மீசை. உடம்பு மெலிந்துகொண்டே போய் நூலாக முடிகிறது. வால் துடுப்பே இல்லை. படகில் இருந்தவர்களுக்கும் பெயர் தெரியவில்லை. இது என்ன மீன்?
– விலங்கியல் மாணவி, நாகர்கோவில்

பதில்: வால் துடுப்பு இல்லை, நாடியில் மீசை. இதோடு முதல் முதுகுத் துடுப்பு குறுகலாக, நிமிர்ந்து நின்றிருந்தால் சந்தேகமே வேண்டாம். அது எலிவால் மீன், மேக்ரூரிடே குடும்பம். ஆனால் அந்தக் குடும்பத்தில் 300க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அதனால் உங்களுக்கு இன்னும் முக்கால்வாசி வேலை பாக்கி.

அளவில் தொடங்காதீர்கள். இந்த மீன்களின் வால் அடிக்கடி ஒடியும், ஒடிந்த இடம் ஆறி மறுபடி கூர்மையாகிவிடும். மொத்த நீளத்தை நம்பினால் ஒரே இனம் இரண்டு இனமாகத் தெரியும். அதனால்தான் நாங்கள் தலையின் நீளத்தையும், மூக்கு நுனியிலிருந்து குதத் துடுப்பு தொடங்கும் இடம் வரையுள்ள நீளத்தையும் அளக்கிறோம்.

அப்புறம் ஒரு ஊசியும் நல்ல பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முதுகுத் துடுப்பின் இரண்டாவது முள்ளைப் பிடித்து, அதன் முன்விளிம்பை நகத்தால் மேலும் கீழும் வருடுங்கள். நகம் தடுக்கினால் பற்கள் இருக்கின்றன. வழுக்கிக்கொண்டு போனால் இல்லை. பிறகு மீனை மல்லாத்தி, செவுள் மூடிக்கு அடியில் தொண்டைப் பக்கம் பாருங்கள். குடைக்கம்பி மாதிரி வளைந்த மெல்லிய எலும்புகள் வரிசையாக இருக்கும். ஆறா, ஏழா என்று எண்ணுங்கள். முதல் எலும்பு சின்னதாக உள்ளே ஒளிந்திருக்கும். ஊசியால் தோலை விலக்கினால்தான் கணக்கு சரியாக வரும்.

ஆறு இருந்து, கண்ணுக்குக் கீழே கெட்டியான எலும்பு வரப்பு ஒன்று ஓடி, மூக்கு கூராக நீண்டிருந்தால் பெரும்பாலும் சீலோரிங்கஸ் என்ற பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதி. ஏழு இருந்து, முள்ளில் பற்களும் இருந்தால் நெசூமியா பக்கம் தேடுங்கள். ஏழு இருந்து, முள் வழவழப்பாக, உடம்பைத் தடவினால் வெல்வெட் துணியைத் தொட்டது போலிருந்தால் மலாகோசெபாலஸ். கடைசியாகச் சொன்னதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. குதத்துக்குச் சற்று முன்னால், வயிற்றில் செதிலில்லாத இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். அவை உள்ளேயிருக்கும் ஒளியுறுப்பின் சாளரங்கள். வயிற்றை அழுத்தினால் ஒளிரும் பாக்டீரியா நிறைந்த மஞ்சள் திரவம் கசியும். போர்ச்சுகலில் செசிம்ப்ரா ஊர் மீனவர்கள் இந்தத் திரவத்தைத் தூண்டில் இரையில் தேய்த்து, இரையை மின்ன வைத்து மீன் பிடித்தார்கள். பெயர் கண்டுபிடிப்பதில் நம்மைவிட அவர்களுக்கு அவசரம் குறைவு!

ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1990இல் வெளியிட்ட காட் (cod) வகை மீன்களின் அட்டவணை நூலில் இக்குடும்பம் படத்தோடு இருக்கிறது; இணையத்தில் இலவசம். நம் கடல்களுக்கென்றால் இன்வெஸ்டிகேட்டர் என்ற கடலாய்வுக் கப்பலில் மருத்துவராக இருந்த ஆல்காக் 1899இல் எழுதிய இந்திய ஆழ்கடல் மீன்களின் பட்டியல். பழசு, பெயர்களில் பாதி மாறிவிட்டன, ஆனால் அவருடைய வர்ணனைக்கு இன்றும் மாற்று இல்லை என்பது என் கட்சி.

மறுபடி கிடைத்தால், வலை விட்ட ஆழத்தையும் இடத்தையும் படகில் கேட்டுப் பென்சிலால் எழுதி மீனோடு கட்டிவிடுங்கள். ஃபார்மலினில் போடும் முன்பே வலப்பக்கத்திலிருந்து சின்னச் சதைத்துண்டு வெட்டி ஸ்பிரிட்டில் போடுங்கள். ஃபார்மலின் பட்டுவிட்டால் டிஎன்ஏ பார்ப்பது பெரும்பாடு.

கேள்வி: செத்து நசுங்கிய மீனைப் பார்த்து ஏன் பெயர் வைக்க வேண்டும்? இப்போதுதான் ரோபோ கேமரா இருக்கிறதே, உயிரோடு பார்த்தே வைக்கலாமே?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்

பதில்: பாதி நியாயம் உங்கள் பக்கம். மேக்ரோபின்னா என்றொரு மீன். 1939இல் பெயர் வைத்தார்கள். குழாய் போன்ற கண்கள் மேல்நோக்கியே இருப்பதைக் கண்டு, அதற்கு எதிரில் இருக்கும் இரையே தெரியாது என்று நினைத்தார்கள். கலிபோர்னியாவின் மான்டரே ஆய்வு நிறுவனத்தார் கேமராவில் உயிரோடு பார்த்து 2008இல் எழுதிய பிறகுதான், தலைக்கு மேல் கண்ணாடி போன்ற கவசம் இருப்பதும், கண்கள் அதற்குள் முன்பக்கம் திரும்புவதும் தெரிந்தது. அந்தக் கவசம் வலையில் ஏறும்போதே கிழிந்துபோயிருந்திருக்கிறது.

மறுபாதியைக் கேளுங்கள். 1930களில் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் வில்லியம் பீபி எஃகு உருண்டைக்குள் உட்கார்ந்து பெர்முடா கடலில் இறங்கினார். 1934இல் 923 மீட்டர் வரை போனார். சின்னச் சன்னல் வழியே பார்த்த சில மீன்களுக்கு மாதிரி எதுவும் இல்லாமலே பெயர் வைத்தார். பக்கவாட்டில் நீல விளக்குகள் வரிசையாக எரிந்த பெரிய மீன் அதில் ஒன்று. இன்றுவரை யாரும் அவற்றைப் பிடித்துக்காட்டவில்லை. பார்த்தது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எண்ணிப்பார்க்க முள் இல்லை, செவுள் இல்லை. சரி, என்ன செய்வது?

கேள்வி: ஆணையும் பெண்ணையும் வேறு வேறு இனம் என்று நினைத்து ஏமாந்ததுண்டா?
– பள்ளி ஆசிரியை, மன்னார்குடி

பதில்: இனம் என்ன, குடும்பமே வேறு என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு குடும்பம்: வாலில் நீண்ட நாடா, செதில் கிடையாது, கடலின் மேலடுக்கில் வாழ்வது. இரண்டாவது: பெரிய மூக்கு, அசையாத தாடை. மூன்றாவது: அகன்ற வாய், பொட்டுக் கண், திமிங்கில மீன்கள் என்று பெயர். கிடைத்ததெல்லாம் பெண். முதலில் சொன்ன குடும்பத்தில் ஒன்றுகூட வளர்ந்த மீன் இல்லை. பெருமூக்குக்காரர்களில் எல்லாமே ஆண். ஜப்பானிய ஆய்வாளர்கள் டிஎன்ஏ பார்த்தபோது நாடா வாலுக்கும் திமிங்கில மீனுக்கும் அனேகமாக வித்தியாசமே இல்லை. 2009இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்து டேவிட் ஜான்சன் குழு, உருமாறிக்கொண்டிருந்த மாதிரிகளையும் சேர்த்துக் காட்டி முடிச்சை அவிழ்த்தது. முதலாவது குஞ்சு, இரண்டாவது ஆண், மூன்றாவது பெண். ஆண் வளர்ந்தபின் சாப்பிடுவதே இல்லை. இரைப்பையே கிடையாது, குஞ்சுப் பருவத்தில் தின்றதைப் பெரிய ஈரலில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வரும் நீள வெள்ளி மீன் கரைக்கு வந்தால் நிலநடுக்கம் வருமாமே?
– இல்லத்தரசி, காரைக்கால்

பதில்: வராது. தலையிலிருந்து வால்வரை ஓடும் சிவப்பு முதுகுத் துடுப்பு, துடுப்புக்கோல் மாதிரி நீண்ட ஒற்றைக் கதிராக இடுப்புத் துடுப்பு, குதத் துடுப்பே இல்லாமை. மூன்றும் இருந்தால் அது ரெகலேகஸ். 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் கரைக்கு வந்த தகவல்களை ஜப்பானில் நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள். ஒன்றே ஒன்றுதான் பொருந்தியது. இந்த மீன் நம் கடற்கரைக்குப் புதிதும் அல்ல. விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி பேட்ரிக் ரஸ்ஸல் 1803இல் வெளியிட்ட நூலில் இதன் படம் இருக்கிறது. அந்தப் படத்தை ஆதாரமாகக் கொண்டுதான் ரெகலேகஸ் ருசெலி என்ற பெயரே வந்தது.